கணினிக் கல்வியும் நம் பிள்ளைகளும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் நெடுங்காலம் வழங்கிய மொழி. கந்தோர் மேசையும் மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் ஒருங்கே கிடைத்த காலத்தில் அம்மொழிக்குப் பொருளிருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் கணினித் தொழிலை நாடுகின்றனர்; பெற்றோரும் இசைந்துவிட்டனர். ஆயின் அத்தொழிலுக்கு யாது கற்க வேண்டும், எங்கே கற்க வேண்டும் என வினவினால், அயல்வீட்டுப் பிள்ளை போன இடத்தையே சுட்டிக் காட்டுகின்றனர்.

இலங்கையர் பிறர் எழுதிய மென்பொருளை இயக்க மாத்திரமே வல்லவர் என்று எண்ணுவாரும் உளர். இலண்டன் பங்குச் சந்தை 2009 ஆம் ஆண்டில் மிலேனியம் ஐடி என்னும் இலங்கை நிறுவனத்தை விலைகொடுத்து வாங்கியது. 2011 இல் தன் பங்கு வியாபாரத்தை அந்நிறுவனத்தார் ஆக்கிய மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. இந்த ஒன்றே அவர்க்கு விடையாகும்.

கல்வியின் வாயில்களை நோக்குவோம். பொறியியற் பீடம் புக விரும்புவோர் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் கற்றல் வேண்டும். கணினி விஞ்ஞானத்தை மாத்திரம் நாடுவோர், இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கொள்ளலாம். 2013 இல் தொடங்கப்பெற்ற தொழினுட்பப் பிரிவு வேறொரு வழி. கொழும்பும் மொறட்டுவையும் மாத்திரமே கதியென இருத்தலும் வேண்டா. யாழ்ப்பாணத்திலும், திருகோணமலை வளாகத்திலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் இத்துறை போதிக்கப்படுகின்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அறியப்படாத வாயிலொன்றைப் பற்றியே நாம் விரித்துரைக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அயலிலுள்ள தாயொருவர் வண்ணத்தாளில் அச்சிட்ட கையேடொன்றுடன் வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பெயரால் இங்கு வழங்கப்படும் கணினிப் பட்டம். கட்டணமோ பல இலட்சம். “ஐயா, தாலிக்கொடியை அடைவு வைத்தேனும் கட்டிவிடுகிறேன். பிள்ளை ஒரு நிலைக்கு வந்தாற் போதும்” என்றார். எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்பதற்குப் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலையும் அனைத்துலகப் பல்கலைக்கழகக் கைந்நூலையும் நோக்கும். அக்கையேட்டிற் கண்ட பெயர் அவ்விரண்டிலும் இல்லை. தாயின் முகம் வாடியது.

அவர் மகள் கலைப் பிரிவிற் பயின்றவள். தமிழ், புவியியல், அளவையியல் மூன்றிலும் நன்கு சித்தியெய்தியிருந்தாள். “கலை படித்த எனக்குக் கணினி எங்ஙனம் வரும்?” என்பதே அவள் ஏக்கம். அளவையியலில் உண்மை அட்டவணை கற்றனையோ என்று கேட்டோம். கற்றதாகவும், தனக்கு மிக விருப்பமான பகுதி அதுவே என்றும் சொன்னாள். ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர் 1854 இல் சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் எழுதிக் காட்டினார். குளோட் சனன் என்னும் அமெரிக்க மாணவர் 1937 இல், மின் ஆளிகளின் இணைப்புக்களையும் அவ்விதிகளாலேயே விளக்கலாமென நிறுவினார். கணினியின் உள்ளே நிகழ்வதும், அப்பெண் கொப்பியில் உண்மை, பொய் என நிரைநிரையாக எழுதியதும் அடிப்படையில் ஒன்றே. இதைக் கேட்ட அவள் நெடுநேரம் பேசவில்லை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி, தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டநெறியொன்றை 2000 ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகின்றது. உயர்தரத்தில் எப்பிரிவிற் சித்தியெய்தியோரும் அதிற் சேரலாம். முதலாண்டு முடிவில் டிப்ளோமா, இரண்டாமாண்டு முடிவில் உயர் டிப்ளோமா, மூன்றாமாண்டு முடிவிற் பட்டம் எனப் படிப்படியாக ஏறலாம். இடையில் நிறுத்த நேரினும் கையில் ஒரு சான்றிதழ் உண்டு. வறிய குடும்பத்திற்கு இது சிறு காரியமன்று. ஆயின் வாயில் அகன்றதெனினும் ஏறுதல் எளிதன்று. விரிவுரையாளர் அருகில் இரார். தாமே கற்றல் வேண்டும். நூலும் வினாத்தாளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் மொழிமூலம் கற்ற மாணவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். அது அறிவின் குறையன்று, சொற்களின் பழக்கக் குறையே. பெற்றோர் ஆண்டு பதினொன்றில் ரியூசனுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்கியிருப்பரேல் பாதி வருத்தம் தீர்ந்திருக்கும் என்பது எம் துணிபு.

பின்னொரு நாள் அவள் மற்றொரு வினாவை எழுப்பினாள்: “2022 இல் செட்ஜிபிடி வந்துவிட்டதே; அதுவே நிரல் எழுதுமாயின் எனக்கு வேலை யார் தருவர்?” நியாயமான அச்சமே. தொடக்க நிலையினர்க்கு முன்பு கொடுத்த சில்லறை நிரல்களை இன்று அக்கருவி நொடியில் எழுதிவிடுகின்றது. ஆயினும் அது பிழையையும் சரியைப் போலவே துணிந்து எழுதும். வங்கிக் கணக்கிலோ வைத்தியசாலைப் பதிவிலோ அப்பிழை புகுந்தால் யார் கண்டுபிடிப்பது? உண்மை அட்டவணையைத் தானே வரைந்து பார்க்கத் தெரிந்தவர்க்கு அவ்வேலை உண்டு. மூன்று மாத வகுப்பில் விசைகளை மனனஞ் செய்தவர்க்கு அது கிடைப்பது அரிது. இதையே அவளிடம் கூறினோம்.

அவ்வாண்டே அவள் விண்ணப்பித்தாள். முதலாண்டுத் தாளொன்றை மாத்திரம் இரண்டாம் முறை எழுத நேர்ந்தது. டிப்ளோமா கைக்கு வந்துவிட்டது. இப்போது இரண்டாமாண்டுப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கின்றாள்.