முதலில் தோட்டம், பிறகு வியூ பாயிண்ட்

"மேல்மலைக்கு எதுக்குத் தனியா கைடு? டிரைவரே எல்லாத்தையும் சொல்லிருவாரே" என்றார் கொடைக்கானலில் ஒரு விடுதிக்காரர். அவருடைய விருந்தாளிகளைப் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் பல ஆண்டுகளாகக் கூட்டிப் போனவன் நான். டிரைவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுவதே பெரும்பாடு. ஓட்டுகிற கையோடு ஊரையும் காட்டு என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? பைன் காட்டில் ஒரு நிறுத்தம், பூம்பாறை வியூ பாயிண்டில் நாலு போட்டோ, மன்னவனூர் ஏரியில் ஒரு பரிசல், இருட்டுவதற்குள் ரூம். இதைத்தான் 'வில்லேஜ் டூர்' என்று விற்கிறார்கள். வில்லேஜுக்குள் ஒருவரும் கால் வைப்பதில்லை.

இந்த ஒருநாள் பயணத்தின் சிக்கலெல்லாம் அந்த வியூ பாயிண்டில்தான் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து போகும்போது ஊருக்கு முன்பாகவே, ஊருக்கு மேலே, அது வந்துவிடும். சரிவு முழுக்க அடுக்கடுக்காகப் பாத்திகள், நடுவில் நெருக்கியடித்த வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். பின் இருக்கையிலிருந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று குரல் வரும். நான் நிறுத்த விடுவதில்லை. நிறுத்தினால் படம் எடுத்ததும் ஊரைப் பார்த்து முடித்த திருப்தி வந்துவிடும். அப்புறம் தோட்டத்துக்குள் இறங்க யாருக்கும் மனம் வராது. நிறுத்தாமல் போனாலும் ஆபத்துதான். மத்தியானம் மஞ்சு ஏறிவிட்டால் ஊரே மறைந்துபோகும். அன்றைக்குக் கூலி வாங்கும்போது திட்டும் சேர்ந்து வரும்.

தோட்டம்தான் முதலில் என்ற வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பூம்பாறையில் பூண்டு போட்டுவந்த ஒரு பெரியவர். அவருடைய தோட்டத்துக்கு ஆள் கூட்டி வரலாமா என்று கேட்கப் போனேன். பதில் சொல்லவில்லை. ஒரு முறம் நிறையப் பூண்டுப் பல்லைக் கையில் கொடுத்து, பாத்தியைக் காட்டினார். வேர்ப்பக்கம் கீழே, குருத்துப்பக்கம் மேலே என்று ஒவ்வொரு பல்லாக ஊன்ற வேண்டும். பொழுது சாய்ந்தபோது எனக்கு இடுப்பு நிமிரவில்லை. நான் ஊன்றிய பாத்தியோ வெறும் மண்ணாகத்தான் கிடந்தது. முளை வெளியே தலைகாட்டும்வரை அது அப்படித்தான் கிடக்கும். "இத வெறும் நெலம்னு நெனச்சு உன் ஆளுங்க மிதிப்பாங்க. மிதிக்காம நடத்திக் கூட்டிட்டு வரத் தெரிஞ்சா வா" என்றார்.

இன்னொன்றும் சொன்னார்: "மேலேருந்து பாத்தா அழகு தெரியும் தம்பி. கீழேருந்து பாத்தாத்தான் கல்லுக்கட்டு தெரியும்." மழைக்கு ஒரு கட்டு சரிந்தால், அதைத் திரும்ப அடுக்காமல் அடுத்த போகம் கிடையாது. அந்தக் கல்லைத் தூக்கியவரைப் பார்த்துவிட்டு வியூ பாயிண்டுக்கு ஏறுகிறவர் வேறு மாதிரி படம் எடுக்கிறார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். வெயில் ஏறுமுன் தோட்டம், மஞ்சு ஏறுமுன் வியூ பாயிண்ட். இந்தக் கணக்கைக் கெடுப்பது விடுதியின் இலவசக் காலை உணவு. எட்டரைக்குத்தான் இட்லியே வரும். பத்து மணிக்கு வண்டி எடுத்தால் மேல்மலையில் என்னத்தைப் பார்ப்பது?

தோட்டத்திலும் முறை உண்டு. களை எடுக்கும் அக்காமாரை முதலில் கும்பிட்டுப் பேச வேண்டும். கேமராவை எடுப்பது அதற்கு அப்புறம். அவர்கள் டீ குடிக்க உட்காரும்போது நாமும் உட்காரலாம். கூலிக்கு வேலை பார்க்கிற நேரத்தில் கதை கேட்டு நிற்கக் கூடாது. பொதிக்குதிரை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். ராத்திரி காட்டுமாடு இறங்கிய தோட்டமென்றால் அன்றைக்கு அந்த வீட்டாரிடம் விருந்தாளியைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. இதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை.

மன்னவனூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாரும் போகிறார்கள். அங்கே 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் நடக்கிறது. பாரத் மெரினோ ஆட்டின் ரோமத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஏரிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவ்வளவுதான்.

பூண்டு விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலைந்து மாதம் மண்ணில் கிடந்து, பறித்தபின் கட்டுக்கட்டாகத் தொங்கிப் புகை குடித்து, மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் சரக்கு அது. பட்டம் வந்ததும் பெயருக்கு மவுசு கூடியது. வெளிமாநிலப் பூண்டும் அதே பெயரில் கடைகளில் தொங்குகிறது. இன்றைக்குக் கூட்டிப் போகிற பையன்களில் பலருக்கு இரண்டையும் முகர்ந்து பார்த்துப் பிரிக்கத் தெரியாது. கமிஷன் தரும் கடை தெரியும். தோட்டக்காரரிடம் விலையை அடித்துப் பேசும் விருந்தாளியைத் தடுக்கவும் மாட்டார்கள், ரேட்டிங் போய்விடுமாம்.

கற்றுக்கொள்ள யாராவது வந்தால் சொல்லித்தர நான் தயார். ஆனால் முதல் வாரம் வண்டியில் ஏற்ற மாட்டேன். பாத்தியில் உட்கார்ந்து பூண்டு ஊன்ற வேண்டும். அதற்குக் கூலி உண்டு. செல்போனுக்கு அனுமதி இல்லை. இதுவரை இரண்டு பேர் விசாரித்தார்கள். இருவரும் கேட்ட முதல் கேள்வி, ஒரு டிரிப்புக்கு எவ்வளவு நிற்கும் என்பது.