பேரிங் போச்சுடா

உங்க சிஸ்டம் ஃபேன் கத்துதா? எங்க வீடு கடலூர் சிப்காட் பக்கம். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு அப்பா பகல்லதான் தூங்குவார். இருப்பது ஒரே ரூம். நான் ப்ராஜெக்ட் ரன் பண்ணா, பழைய 80 மி.மீ. ஃபேன் கிரைண்டர் மாதிரி அலறும். அவர் ஒண்ணும் சொன்னதில்லை. ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "பேரிங் போச்சுடா" என்றார். நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அது தெரியலை!

புதுசு வாங்கும்போது இதைப் பாருங்க. பெரிய ஃபேன் மெதுவா சுத்தியே அதே காற்றைத் தள்ளும். ஒரே ஃபேனின் வேகம் பாதியானா, சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். நாலு பின் இருந்தா, சூட்டுக்கு ஏத்தபடி போர்டே வேகத்தை மாத்திக்கும்.

கேபினெட்ல இடம் இருந்தது, 120 மி.மீ. போட்டேன். மறுநாள் சாயங்காலம் அப்பா எழுந்து கேட்டார்: "இன்னைக்கு நீ படிக்கவே இல்லையா?"