வீட்டுக்காரர் வராத விளையாட்டு

போன மாதம் ஒரு பின்னேரம் நான் விளையாடுறதை அம்மம்மா பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஒரு வீட்டு யன்னலை உடைச்சு உள்ளே போய், குசினி அலுமாரியில் இருந்த ரின்மீன், சீனி, நெருப்புப்பெட்டி எல்லாத்தையும் பையில் போட்டுக்கொண்டு வெளியில் வந்தேன்.

"உந்த வீட்டுக்காரர் எங்கையடா மோனை?"

"எல்லாரும் செத்து சொம்பியா மாறிட்டினம் அம்மம்மா."

"அப்ப ஒருத்தரும் திரும்பி வரமாட்டினமோ?"

வரமாட்டினம். இந்த விளையாட்டில் ஒருத்தரும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைச்சேன்.

பெயர் புரொஜெக்ட் சொம்பொயிட். இங்கிலாந்தில் தொடங்கிய த இண்டி ஸ்டோன் என்ற சின்னக் குழுவின் வேலை. 2011 இல் விற்கத் தொடங்கினார்கள். அதே வருஷம் குழுவின் மடிக்கணினிகள் வீட்டிலிருந்து களவுபோய், அதற்குள் இருந்த வேலையில் ஒரு பகுதியும் போனது. 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தது, "இன்னும் முடியவில்லை" என்ற அறிவித்தலோடு. பன்னிரண்டு வருஷம் கழிந்தும் அந்த அறிவித்தலை எடுக்கவில்லை. எங்கட ஊரில் அத்திவாரம் போட்டுத் தகரம் மட்டும் ஏத்திக் குடிபுகுந்த வீடுகள் மாதிரி. குடியிருக்கலாம், ஆனால் முடிஞ்சது என்று சொல்ல முடியாது.

கதை 1993 இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடக்கிறது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பதுதான் இது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பெரிய வரைபடம், எங்கேயும் போகலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். சொம்பி கடிச்சால் முடிஞ்சுது, மருந்து இல்லை. இரத்தம், பிணம், சாராயம் எல்லாம் தாராளம். பெரியாக்களுக்கான விளையாட்டு, சின்னப்பிள்ளைகளை வைச்சுக்கொண்டு போடாதேங்கோ. என்னுடைய பழைய லாப்டொப்பிலும் ஓடும் என்பது இதன் முதல் நன்மை. புது விளையாட்டுகளில் பாதி எங்களிடம் உள்ள மெசினைப் பார்த்தாலே சிரிக்கும்.

ஆனால் இதில் எனக்குப் பிடிச்சது சண்டை இல்லை, பாரம். ஒவ்வொரு சாமானுக்கும் நிறை இருக்கிறது. பை நிரம்ப நிரம்ப நடை குறையும், களைப்பு வரும், மதில் ஏறுவது கஷ்டமாகும். வாளா, அரிசியா? சுத்தியலா, தண்ணிப் போத்தலா? வேறு விளையாட்டுகளில் ஒரு ஆள் பத்துத் துவக்கைக் கொண்டு ஓடித் திரிவார். இதில் ஒரு ஜெனரேற்றரைத் தூக்கினால் கார் வரைக்கும் நடக்கிறதே சீவன் போற வேலை. தூக்கிக்கொண்டு வந்தாலும், அதை இயக்குவதை விளக்கும் சஞ்சிகையை எங்கேயாவது தேடி வாசிச்சிருக்க வேணும், அல்லது மின்சார வேலை தெரிஞ்சிருக்க வேணும். முதல் மாதத்துக்குள் ஒரு நாள் கரண்ட் போகும், ஒரு நாள் பைப்பில் தண்ணி நிற்கும். எந்த நாள் என்று தெரியாது. மழைத் தண்ணியைப் பீப்பாவில் பிடிச்சுக் காய்ச்சிக் குடிக்க வேணும். இரவில் யன்னலுக்குத் திரை போடாமல் வெளிச்சம் வைச்சால் ஆபத்து.

இதையெல்லாம் கென்டக்கிக்காரன் புதுசாகப் படிக்கக்கூடும். 2008 கடைசியில் நாங்கள் நெடுங்கேணியை விட்டு வெளிக்கிடேக்க எனக்கு எட்டு வயசு. அப்பாவின் சைக்கிள் கரியரில் என்னென்ன ஏறியது, எது எந்த இடத்தில் இறங்கியது என்று இப்பவும் வரிசையாகச் சொல்லுவேன். கட்டில் வீட்டிலேயே நின்றது. தையல் மெசின் ஒட்டுசுட்டானோடு நின்றது. ஆட்டுக்கல்லை ஏன் அவ்வளவு தூரம் கொண்டு போனோம் என்று இன்னும் அம்மாவுக்கே விளங்கேல்லை. விளையாட்டில் என் பை நிறைஞ்சு, நடுறோட்டில் நின்று எதைக் கீழே போடுவது என்று யோசிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ஆட்டுக்கல்தான் ஞாபகம் வரும்.

ஹெலியைப் பற்றியும் சொல்லவேணும். முதல் நாட்களில் ஒரு நாள் ஹெலிகொப்டர் ஒன்று வந்து உங்களுக்கு மேலே சுற்றும். சுடாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஊர்ச் சொம்பி முழுக்க உங்களைத் தேடி வரும். முதல் தடவை கேட்டபோது நான் ஹெட்போனைக் கழற்றி எறிஞ்சிட்டு வெளியில் ஓடி வானத்தைப் பார்த்தேன். யூரியூப்பில் வெளிநாட்டுப் பெடியள் அந்த இடத்தில் சிரிக்கிறாங்கள். அவையில் பிழை இல்லை.

இனிக் குறைகள். 2024 டிசம்பரில் பில்ட் 42 சோதனைப் பதிப்பாக வந்தது. பில்ட் 41 இல் சேமிச்ச விளையாட்டை அதில் தொடர முடியாது. ஆறு மாதம் காத்த என் ஆள் அப்படியே நின்றுவிட்டார். சாமான் செய்யும் முறையைப் புதுசாக மாற்றினார்கள். ஒரு கத்தி செய்ய எங்கே போய் எதை அமத்துவது என்று தேடுவதிலேயே அரை நாள் போகும். சேர்ந்து விளையாடும் வசதி இல்லாமலே அது வெளிவந்தது. அதோடு, மூன்று மாதம் உயிரோடு இருந்து வேலி அடைச்சுத் தோட்டம் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கடைசியில் சொம்பியால் இல்லை, அலுப்பில்தான் செத்துப் போறோம்.

ஆனால் பில்ட் 42 இல் மாடு, கோழி, பன்றி வந்தது. கயிறு கட்டி இழுத்துப் போகலாம், பால் கறக்கலாம். அம்மம்மாவுக்கு விளையாட்டில் அக்கறை வந்ததே அதற்குப் பிறகுதான். அடைச்சு வைச்சுத் தீன் போடாமல் விட்டால் செத்துப்போகும் என்று காட்டினேன். "பின்ன? அதுக்குத்தானே நான் எல்லாத்தையும் அவிட்டு விட்டனான்" என்றா. வெளிக்கிட்ட அன்று விடிய, எங்கட ஏழு மாட்டையும் கயிறு அறுத்து விட்டது அவதான். 2010 இல் திரும்பி வந்தபோது காட்டுக்கரையில் கட்டாக்காலியாகச் சில மாடுகள் திரிஞ்சன. அதில் ஒன்றைத் தன்ர சிவப்பி என்று சொல்லி இரண்டு நாள் பின்னால் திரிஞ்சா. அது கிட்ட எடுக்கேல்லை.

விளையாட்டின் பெரிய குறை, மனுசர் இல்லாதது. மிகப் பழைய பதிப்புகளில் உயிரோடு தப்பிய மற்ற ஆட்கள் இருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். திரும்ப வருவார்கள் என்று பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. இன்னும் வரவில்லை. தனியாக விளையாடினால் உங்களைத் தவிர அசைகிறதெல்லாம் சொம்பியும் மிருகமும்தான். அதனால் நீங்கள் எந்த வீட்டை உடைத்தாலும் களவு இல்லை. யாருடையதையும் எடுக்கவில்லை, ஏனென்றால் யாருமே இல்லை. இத்தனை நுணுக்கமாகப் பசியையும் பாரத்தையும் கணக்குப் பார்க்கிற விளையாட்டு, இந்த இடத்தில் மட்டும் கையைக் கழுவி விடுகிறது.

நாங்கள் திரும்பி வந்தபோது எங்கட வீட்டில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. ஆர் எடுத்தது என்று தெரியாது. அம்மா வளவுக்குள் நின்று, எடுத்தவன் விளங்கமாட்டான் என்று மண்ணள்ளித் திட்டினா. அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

எனக்கு அதன் காரணம் தெரியும். ஒட்டுசுட்டான் தாண்டிப் போகேக்க, முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு ஆளில்லாத வீட்டில் இரவு தங்கினோம். விடிய அப்பா அந்த வீட்டு அறைக்குள் இருந்து அரை மூட்டை நெல்லையும், கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் எடுத்தார். அந்த நெல்லைக் குத்தித்தான் நாங்கள் மூன்று கிழமை சாப்பிட்டோம். அந்த வீட்டுச் சுவரில் கலண்டர் தொங்கினது, சின்னப்பிள்ளையின் சப்பாத்து ஒன்று வாசலில் கிடந்தது. அப்பா போகேக்க கதவைச் சாத்திக் கொளுக்கி போட்டார்.

முதல் போகம் வெட்டினதும் அரை மூட்டை நெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அப்பா அந்த வீட்டைத் தேடிப் போனார். நானும் பின்னால் இருந்து போனேன். அந்த ஒழுங்கை முழுக்கப் பற்றை. எது அந்த வீடு என்று பிடிக்க முடியேல்லை. இரண்டு இடத்தில் விசாரித்தார், பெயர் தெரியாமல் என்னத்தை விசாரிக்கிறது. பின்னேரம் அதே மூட்டையோடு திரும்பி வந்தோம். அம்மா ஒன்றும் கேட்கேல்லை.

வாங்க நினைக்கிறவைக்கு: பில்ட் 41 இல் தொடங்குங்கோ, அதுதான் இப்போதைக்கு நிற்கிற வீடு. ஸ்டீமில் விலை குறைக்கிற நாட்களில் எடுங்கோ. மாடு வேணும் என்றால் 42, பொறுமை இருக்கவேணும். மனுசர் வேணும் என்றால் காத்திருக்கத்தான் வேணும். புதுப்பதிப்பு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அம்மம்மா கேட்கிறா, "இந்த முறையாவது ஆக்கள் வந்திட்டினமோ?" என்று.