பத்து நிமிடத் தாமதம்

ஞாயிறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஹாங்க்ஸ்வில் ஊருக்கு வெளியே, மார்ஸ் சொசைட்டியின் பாலைவன ஆய்வு நிலையம். இரண்டு அடுக்கு உருளை வீடு. சுற்றிலும் ஜுராசிக் காலத்துச் செம்மேடுகள். இங்கே செவ்வாயில் இருப்பதாகப் பாவனை; வெளியே கால் வைத்தால் ஹெல்மெட் கட்டாயம்.

நாங்கள் சோதிக்க வந்தது செய்தித் தாமதத்தை. செவ்வாய் பூமியை மிக நெருங்கும்போது சிக்னல் போய்ச்சேர 3 நிமிடம். சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 22 நிமிடம். நாங்கள் எடுத்துக்கொண்டது 10. இங்கிருந்து போவதையும் வருவதையும் ஒரு சின்ன மென்பொருள் அவ்வளவு நேரம் பிடித்துவைத்துத்தான் விடும். ‘பூமி’ என்பது வேறொரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆலோசனைக் குழு.

திங்கள்

பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

10:04, நாங்கள்: “களிமண் மேட்டில் இரண்டு அடுக்கு. சாம்பல், அதற்கு மேல் பச்சை. எதில் மாதிரி எடுக்க?”

10:31, பூமி: “பச்சை. ஆனால் எந்தப் பக்கம்? படத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறதே.”

10:32, நாங்கள்: “வலப்பக்கம் ஈரம். இடப்பக்கம் காய்ந்திருக்கிறது.”

10:56, பூமி: “இடப்பக்கம்.”

தோண்ட ஆனது ஐந்தே நிமிடம். எங்கே தோண்டுவது என்று முடிவாக 52 நிமிடம். அதுவரை ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, மேட்டடியில் நின்றுகொண்டிருந்தோம்.

புதன்

இன்று இயந்திரங்களின் முறை. நாம் தினம் பயன்படுத்தும் இணையம், முதலில் எதிர்முனையோடு கைகுலுக்கி, அனுப்பியது கிடைத்ததா என்று உடனுக்குடன் கேட்டுக்கொண்டே இருக்கும். போய்வரவே 20 நிமிடம் என்றால் காத்திருந்து பார்த்து இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கு மாற்றாக இணைய முன்னோடி விண்ட் செர்ஃபும் நாசாவின் ஜேபிஎல் பொறியாளர்களும் 1998 முதல் வளர்த்தெடுத்ததுதான் தாமதம் தாங்கும் வலையமைப்பு. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் கிராமத்துத் தபால் நிலையம் மாதிரி: அடுத்த வண்டி வரும்வரை மூட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும். 2008-இல் டீப் இம்பாக்ட் விண்கலத்தோடு சுமார் 3.2 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இதைச் சோதித்தார்கள்.

நாங்களும் வேண்டுமென்றே ஆன்டெனா இணைப்பைக் கழற்றினோம். செய்திகள் வரிசை குலையாமல் காத்திருந்தன. மாட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மனிதர்களுக்குத்தான் பொறுமை இல்லை. பதில் வராததைப் பார்த்து ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாக எழுதி வரிசையில் தள்ளியிருந்தோம். பூமிக்காரர்கள் எதற்குப் பதில் சொல்வதென்று குழம்பிப்போனார்கள்.

வியாழன்

செய்தி எழுதும் முறையையே மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் எண். பார்த்தது என்ன, எங்கள் உத்தேசம் என்ன, எத்தனை மணிக்குள் மறுப்பு வராவிட்டால் அதைச் செய்துவிடுவோம் என்று மூன்றே வரி.

நாசா ஆதரவில் 2016, 2017-இல் ஐடஹோவிலும் ஹவாயிலும் எரிமலைப் பாறைகளில் நடந்த பசால்ட் திட்டம் இந்த வழியில்தான் போனது. 5 நிமிடம், 15 நிமிடம் என இரண்டு தாமதங்கள். களக்குழு முதலில் இடங்களைப் பார்த்துப் படம் அனுப்பிவிட்டு, அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடும். அதற்குள் விஞ்ஞானிகள் எந்தப் பாறை முக்கியம் என்று வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். யாரும் யாருக்காகவும் சும்மா நிற்பதில்லை.

எங்களுக்கும் கைகொடுத்தது. மதியத்துக்குள் நான்கு மாதிரிகள் பையில்.

சனி

பூமிப் பக்கத்து மூத்த புவியியலாளரிடமிருந்து சூடான செய்தி: “என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள்?” எண் 31-இல் கேட்டிருந்தோம், சார்; சொன்ன நேரம் தாண்டியும் உங்கள் பதில் வரவில்லை என்று எழுதினோம். அவர் கோபம் எங்களை எட்டப் பத்து நிமிடம், எங்கள் விளக்கம் அவரை எட்டப் பத்து நிமிடம். இடையில் இரு பக்கமும் கொஞ்சம் ஆறியிருந்தது.

இந்தப் பாவனைக்கு எல்லை உண்டு. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால் தாமதத்தை அணைத்துவிட்டு போனை எடுப்போம். செவ்வாயில் அந்த வசதி கிடையாது. ஹூஸ்டனில் நாசாவின் சாப்பியா பயிற்சியில் நால்வர் 378 நாள், 22 நிமிடம் வரையிலான தாமதத்தோடு அடைபட்டிருந்து 2024 ஜூலையில் வெளியே வந்தார்கள். அவர்களுக்கும் கதவுக்கு வெளியே ஹூஸ்டன் இருந்தது. ஆனால் யார் சொல்வது செல்லும் என்ற தகராறு பாவனை அல்ல. அது இங்கேயே நிஜமாக வந்துவிட்டது.

அறிக்கையின் முதல் பரிந்துரையாக எழுதியிருப்பது: மாதிரி எடுப்பதில் கடைசி முடிவு களத்தில் நிற்பவருடையது, பூமி ஆலோசனை சொல்லலாம். ஆன்டெனா பற்றிய பரிந்துரைகள் இரண்டாம் பக்கத்தில்.