விறகைப் பிளந்த விசுவாசம்



இவ்வாரம் என் தவறு ஒன்றை உங்கள்முன் அறிக்கையிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், டெக்சாஸ் மாநிலத்துச் சபையொன்று என்னை ஊழியத்திற்கு அழைத்தது. கலிபோர்னியாவிலிருந்து ஜூலையிலேயே நாங்கள் புறப்பட்டிருக்கலாம். பழைய சபையின் அறுப்பின் பண்டிகையை முடித்துச் செல்ல விரும்பி, அக்டோபரில் குடிபெயர்ந்தோம். அப்போது மகள் பள்ளியின் இறுதி வகுப்பில் இருந்தாள். "என் கல்லூரிக் கட்டணம் என்னவாகும், அப்பா?" என்று கேட்டாள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் அவளை வெளிமாநில மாணவியாக வகைப்படுத்தியது. இலையுதிர்காலப் பருவத்தின் மாணவர் கணக்கெடுப்பு நாளுக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்னரே பெற்றோர் டெக்சாஸில் நிலையாகக் குடியேறியிருக்க வேண்டும். எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்தது. கட்டணமோ பல மடங்கு உயர்ந்தது. கலிபோர்னியாவில் மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவுசெய்து, அங்கேயே பள்ளியை முடிப்பவர்களுக்கு வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. இறுதி வகுப்பில் அவளை அழைத்துவந்ததால் அந்த வாசலும் அடைபட்டது.

முதலாண்டை அவள் சமுதாயக் கல்லூரியில் படித்தாள். ஓர் இரவு அமைதியாகக் கேட்டாள்: "கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றீர்களே, அப்பா. நாம் ஏன் பார்க்கவில்லை?"

அன்றிரவு ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கேயும் ஒரு பிள்ளை தகப்பனிடம் கேள்வி கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்றே ஆபிரகாமும் பதில் சொல்லுகிறான். ஆனால் அதற்கு முன்பே அவன் விறகைப் பிளந்திருந்தான். நெருப்பையும் கத்தியையும் தன் கையில் எடுத்திருந்தான். தான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, தன்னால் கூடாததைத் தேவனிடம் விட்டான். நானோ செய்யவேண்டியதையும் அவர்மேல் சுமத்தி, அதற்கு விசுவாசம் என்று பெயரிட்டேன். அதன் விலையை என் பிள்ளை செலுத்தினாள். மறுநாள் காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, வேலை மாற்றத்தால் மாநிலம் மாற நினைக்கிறீர்களா? ஜெபியுங்கள், உடனே போகும் மாநிலத்தின் விதிகளையும் வாசியுங்கள். குடியேறும் நாளைக் கணக்கிடுங்கள். வேலைக்கான ஆதாரம், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைத் தாமதமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். விசா நிலைக்கேற்ப விதிகள் மாறுவதால், பல்கலைக்கழக அலுவலகத்திலேயே நேரில் விசாரியுங்கள். இவை அவிசுவாசத்தின் அடையாளங்கள் அல்ல. இவையே நாம் பிளக்கவேண்டிய விறகு.

அந்தப் 12 மாதங்கள் நிறைவேறியபின், மகள் உரிய சான்றுகளைச் சமர்ப்பித்து, இரண்டாம் ஆண்டில் உள்மாநில மாணவியாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். என் கவலையீனத்தின் நடுவிலும் கர்த்தர் பார்த்துக்கொண்டார்.