பண்ருட்டி: மரத்துக்கு அழுத ஊர்

சித்திரை, வைகாசியில் கும்பகோணம் பேருந்து பண்ருட்டிக்குள் நுழைந்தால் பலா வாசனைதான் முதலில் வரும். காடாம்புலியூர், பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு செம்மண் கொல்லைகளின் பழங்கள் மண்டிகளில் குவிந்துகிடக்கும். மாளிகம்பட்டில் ஒரு பழைய பலாவுக்கு ‘ஆயிரங்காச்சி’ என்றே பெயர். பலாவோடு முந்திரி. கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஊரை ஒட்டிய கெடிலம் ஆற்றங்கரையில் திருவதிகை வீரட்டானம் சிவன் கோயில். உழவாரம் ஏந்திய அப்பரின் தலம்.

இவ்வூர்க்காரர்களின் நெஞ்சுரம் தெரிய 2011 டிசம்பர் 30-க்குப் போக வேண்டும். அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், தலைமுறை கண்ட பலாக்களை வேரோடு சாய்த்தது. முந்திரிக்காடுகள் படுத்துவிட்டன. எழவு விழுந்த வீடுபோல ஒவ்வொரு கொல்லையிலும் அழுகை.

வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். ‘தானே துயர் துடைப்போம்’ என்று விகடன் அழைக்க, வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். நன்றியோடு நினைக்க வேண்டியவை இவை. ஆனால் இடிந்த கூரையைக் கணக்கெடுப்பது எளிது. மரத்தின் இழப்பை எப்படி அளப்பது? நெல் போனால் அடுத்த பட்டத்தில் எடுக்கலாம். ஒட்டு முந்திரி காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு வருடம். கொட்டை போட்டு முளைத்த பலாவுக்கு ஏழெட்டு வருடம். வரப்போகும் காய்ப்பை நம்பித்தான் இங்கே கல்யாணத்துக்குக் கடன் வாங்குவார்கள், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பார்கள். கொட்டை உடைக்கப் போன பெண்களின் கூலியும் அந்த மரங்களோடு சாய்ந்தது.

சாய்ந்ததை அறுக்கவே காசு வேண்டும். எல்லார் கொல்லையிலும் மரம் கிடந்ததால் விறகுக்கு விலையும் இல்லை. அப்படியும் அறுத்தார்கள், வேர் பறித்தார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரியும், பக்கத்துப் பாலூர் நிலையத்தின் பாலூர் 1 பலாவும் கன்றுகளாகக் கொல்லைக்கு வந்தன. கன்று வளரும்வரை நடுவில் மல்லாட்டை (நிலக்கடலை), உளுந்து, மரவள்ளி. அறுபதைக் கடந்தவர்களும் பலா நட்டார்கள். அதில் எத்தனை பழம் தாங்கள் பறிப்போம் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.



புயல் நிவாரணம் என்றால் ஒரு தடவை கொடுக்கும் தொகை என்ற வழக்கம் பண்ருட்டிக்குப் பொருந்தாது. சாய்ந்த மரத்துக்குப் பதில் நட்டது காய்க்கும்வரை, வருடாவருடம் உதவி வர வேண்டும். கொல்லை சொந்தமில்லாத, கொட்டை உடைக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு வேண்டும்.