எம்மூர்க் கழிநீர்

திருவேங்கடம் என்று சொன்ன அளவிலே கல்லூரி நண்பர் பலர் திருப்பதி மலையை நினைந்து கொள்வர். யாம் பிறந்த திருவேங்கடம் அதுவன்று. சங்கரன்கோயிலுக்கு வடகிழக்கே கரிசற் காட்டினிடையே அமைந்த ஒரு சிறு பேரூர். 2019-ஆம் ஆண்டு முதற்கொண்டு தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. வற்றாத ஆறு ஈண்டில்லை. இவ்வட்டாரத்து நிட்சேப நதி வைப்பாற்றொடு கலந்து மன்னார் வளைகுடாவை அடைவதாயினும், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தாலன்றி அதனை ஆறென்று அறிவாரிலர்.

யாம் பயிலும் கல்லூரியோ பொருநை நாட்டிலுள்ளது. பொருநையில் நெல்லை மாநகரின் கழிநீர் கலத்தலைக் குறித்து விடுதியிலே இரவெல்லாம் வாதிட்டதுண்டு, நகரமாந்தரைக் கடிந்துரைத்ததுமுண்டு.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டு மலத்தொட்டி நிறைந்துவிட்டது. தந்தையார் லாரி ஒன்றை வரவழைத்தார். அது குழாயை இட்டு உறிஞ்சிச் சென்றது, கூலியும் கொடுக்கப்பட்டது. எங்கே கொண்டு சென்று விடுவீர் என்று எம்மில் ஒருவரும் வினவினோமல்லேம். அன்று மாலை தம்பியுடன் ஓடைப்பக்கம் உலாவச் சென்றேம். வறண்ட மணலின்மேல் அந்த லாரி தன் குழாயைத் திறந்துவிட்டு நின்றது.

“அண்ணே, அது நம்ம வீட்டுக்கு வந்த லாரிதானே?” என்றான் தம்பி. யாம் விடை கூறாது அவன் கையைப் பற்றிக்கொண்டு திரும்பினேம்.

ஓடும் ஆறு தன்மேல் வீழ்ந்த அழுக்கை ஒருவாறு நீர்த்துப்போகச் செய்யும். அதற்கும் ஓர் அளவுண்டு என்பது வேறு. வறண்ட ஓடைக்கோ அவ்வாற்றலும் இல்லை. இட்டது இட்டபடியே கிடந்து, ஒரு பகுதி மணலூடே இறங்க, எஞ்சியது முதல் மழையோடு கண்மாய்க்குச் செல்கின்றது. கண்மாயிலே மாடு நீர் குடிக்கும், சிறுவர் நீந்துவர். யாமும் நீந்தியுள்ளேம்.

மலத்தொட்டி செய்வது பாதி வேலையே. கனத்த பொருள் அடியிற் படிய, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. மேல்நிற்கும் நீர் உறிஞ்சுகுழியிற் சென்று மண்ணில் வடிதல் வேண்டும். அடியிற் படிந்த சேற்றை இரண்டு மூன்று ஆண்டுகட்கு ஒருமுறை அகற்றல் வேண்டும். அகற்றிய சேறு எங்கே செல்வது என்பதே எஞ்சிய பாதி. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழி எம்மூரைப் போன்று ஒரு பேரூராட்சியே. அங்கே 2017-ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 23,000 லிட்டர் கொள்ளும் நிலையமொன்று அமைக்கப்பட்டது. அண்டையிலுள்ள மதுராந்தகத்துச் சேறும் லாரிகளிலே அங்கு வருகின்றது. அதனைப் படுகைகளில் உலர்த்தி, வடிந்த நீரைத் தனியே தூய்மை செய்கின்றனர். தெருத்தோறும் நிலத்தைத் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதிக்கப் பொருளில்லாத சிற்றூர்க்கும் இது இயல்வதாம்.

இச்செய்தியைத் தந்தையாரிடம் கூறினேம். “அந்த லாரிக்காரனை விட்டா வேற யாரு வருவா?” என்றார். அவர் சொல்லியதிலும் நியாயம் இருந்தது. ஓட்டுநன் கொண்டு சென்று கொட்டுதற்கு ஊரார் ஓரிடமேனும் காட்டினாரல்லர்.

எம் பாட்டியார் காலத்தில் அடுக்களை நீர் கொல்லையிலிருந்த வாழைக்குப் பாய்ந்தது. தெருவிற் சிமெண்டு வாய்க்கால் வந்தபின் வாழையும் போயிற்று. நீரும் கண்மாய்க்குப் போயிற்று. விடுமுறை முடியுமுன் தம்பியும் யாமுமாகக் கொல்லையிலே குழியொன்று தோண்டிச் சல்லியும் மணலும் இட்டு, அந்நீரை மீண்டும் அங்கே திருப்பினேம். பக்கத்தில் வாழைக்கன்றும் வைத்தாயிற்று.

மலத்தொட்டி மூன்றாண்டில் மறுபடியும் நிறையும். ஆதலின், கருங்குழியைப் போல் ஒரு நிலையம் வேண்டுமென்று பேரூராட்சிக்கு விண்ணப்பம் ஒன்று வரைந்தேம். தந்தையார் அதனை இருமுறை படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, முதலிற் கையொப்பமிட்டார். யாம் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில் பதினேழு பெயர்கள் சேர்ந்திருந்தன. தாள் இப்பொழுது தம்பியின் கையிலுள்ளது.